கேடி கொடுத்த கதை

எங்கள் ஆபீசில் காரணமில்லாமல் கறிபாப் வந்தால் செய்தி நல்லதாக இருக்காது. 2019 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீட்டிங் ரூம் மேசையில் இரண்டு பெட்டி கறிபாப் (மசாலா அடைத்துப் பொரித்த பலகாரம்) இருந்தது. அன்றைக்கு யாருக்கும் பிறந்தநாள் இல்லை. நான் போய் உட்காரும்போதே பக்கத்திலிருந்த சீனத் தோழி காதோரம் சாய்ந்து, "ஹாபிஸ்லா" என்றாள். முடிந்தது என்று அர்த்தம்.

முடிந்துதான் போயிருந்தது. நான் இருந்தது மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு பன்னாட்டுத் தொழிற்சாலையின் சம்பள சாஃப்ட்வேர் பிரிவு. பதினோரு பேர். பினாங்கிலும் கூலிமிலும் உள்ள பிளான்ட்களுக்கு மாதாமாதம் சம்பளம் ஓட வைப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. டிசம்பருக்குள் வேலை முழுக்க சென்னைக்குப் போகிறது, இங்கே மூன்று பேர் மட்டும் இருப்பார்கள், மற்றவர்கள் கே.டி. கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றார் மேனேஜர். எவ்வளவு மிச்சம் என்று யாரோ கேட்டார்கள். என் சம்பளத்தில் அங்கே மூன்று பேரை வைக்கலாமாம். அதை என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று இரவு பட்டர்வொர்த்தில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நாலு மாசம் கேடி குடுக்கணும்மா."

"கேடியா? எந்தக் கேடிக்கு?"

நமக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, எழுதியும் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பெயர் அது, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதன் சுருக்கம் என்று விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் ரசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஓ... உன் வேலைய நீயே தாப்பாவ் கட்டிக் குடுக்கணும்." கடையில் கட்டித் தரும் பார்சலைத்தான் நாங்கள் தாப்பாவ் என்போம்.

போன வாரம் ஒரு பழைய தோழி போன் பண்ணினாள். இப்போது அவளுக்குக் கறிபாப் வந்திருக்கிறது. அவள் டீம் ஹைதராபாத்துக்குப் போகிறதாம். "நீ பட்டவள், என்ன செய்யலாம் சொல்லு" என்று கேட்டாள். போனில் நான் சொன்னதில் பாதி உளறல். உருப்படியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. பினாங்கில் பிறந்துவிட்டு, வேலை வெளிநாட்டுக்குப் போகிறதே என்று புலம்புவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த வேலையே நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி., ஹிட்டாச்சி, போஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை எட்டு சாமுராய் என்று இன்றும் சொல்வார்கள். அதற்கு முன் வயல். அமெரிக்காவில் ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் குனிந்து செய்துகொண்டிருந்த வேலையை, சம்பளம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மைக்ராஸ்கோப்பில் 1979இல் வந்து குனிந்தவர் என் அம்மா. சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அப்போது வயது பத்தொன்பது. சில்லுக்கும் அது உட்காரும் உலோகச் சட்டகத்துக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது வேலை. அவருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த அமெரிக்கப் பெண் என்ன ஆனாள் என்று அம்மா யோசித்ததில்லை. நானும் 2019 வரை யோசித்ததில்லை.

1985இல் பினாங்குத் தீவுக்குப் பாலம் திறந்தார்கள். பெர்ரிக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று அம்மா சந்தோஷப்பட்ட அதே வருஷம்தான் மின்னணுத் தொழிலில் மந்தம் வந்து ஆள்குறைப்பு. கம்பி ஒட்டுவதற்குத் தானியங்கி மிஷினும் வந்துவிட்டது. அம்மாவின் லைனில் நாற்பது பேர் இருந்தார்கள், பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் அம்மா ஒருவர். கெட்டிக்காரி என்பதால் இல்லை, அவரே சொல்வார். புது மிஷின் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் மற்றவர்கள் ஓய்வு கிடைத்தது என்று கழிவறைக்குப் போவார்கள். அம்மா டெக்னீஷியன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். ஆறு மாதத்தில் சத்தத்தை வைத்தே எங்கே சிக்கல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். டெக்னீஷியனுக்கு அது சௌகரியமாக இருந்தது. பட்டியல் போடும்போது அவர்தான் அம்மா பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தும் எனக்கு ஒரு பிரயோஜனமும் ஆகவில்லை.

செப்டம்பரில் சென்னையிலிருந்து இரண்டு தம்பிகள் வந்தார்கள், ஆறு வாரத்துக்கு. "ஊர்க்காரன் வந்துட்டான் பாரு, நம்ம வேலையப் புடுங்க" என்று எங்கள் ஆட்களே பேன்ட்ரியில் பேசினார்கள். தமிழில்தான். வந்தவர்களுக்குப் புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. அதில் சின்னவன் முதல் இரண்டு வாரம் என்னை மேடம் என்றான். ஒரு நாள் காலை "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். விழித்தான். அவன் ஊரில் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்குமாம். நாங்கள் காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று தெரிந்ததும் சிரித்தான். நாசி கண்டார் சாப்பிட அழைத்துப் போனேன், திரும்பி வரும்போது அக்கா ஆகிவிட்டேன்.

கே.டி. ஆவணம் எழுதும் பொறுப்பு என்னுடையது. 214 பக்கம் வந்தது. அதை எழுதத்தான் என் பழைய டிக்கெட்டுகளை, அதாவது எனக்கு வந்த புகார்களின் பதிவுகளை, பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் செய்த வேலை என்ன என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதல் நாலைந்து வருஷம் வேறு மாதிரி இருந்தது. பிளான்ட்டுக்குப் போய்ச் சம்பளக் கிராணி (கிளார்க்) பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். அவர் வைத்திருக்கும் சின்ன நோட்டில் என்ன கிறுக்குகிறார் என்று பார்ப்பேன். இரவு ஷிஃப்ட் அலவன்ஸ் ஏன் தப்பாக வருகிறது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். அப்புறம் டிக்கெட் சிஸ்டம் வந்தது. கிராணி என்னிடம் பேச வேண்டிய தேவை போனது. நம்பர் வரும், திறப்பேன், திருத்துவேன், மூடுவேன். ஒரு நாளைக்கு எட்டு. பிளான்ட் பத்து நிமிஷ நடை. கடைசி ஐந்து வருஷத்தில் நான் அங்கே எத்தனை முறை போனேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

பாயான் லெப்பாஸில் உட்கார்ந்துகொண்டே நான் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டேன். கம்பெனி அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

என் தோழியிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான். உன் வேலையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் பார். கே.டி. கேட்பதற்கு முன்பே, உனக்காக. எவ்வளவு எழுத முடிகிறதோ அவ்வளவும் போகும். மலிவாக யார் செய்கிறார்களோ அவர்களிடம் போகும், இன்று சென்னை, நாளை ஹோ சி மின், இப்போதெல்லாம் ஊரே இல்லாத ஒரு மிஷினிடமும் போகிறது. எழுத முடியாமல் பேனா நிற்கிற இடம் ஏதாவது இருந்தால் அங்கே போய் உட்கார். நிற்கிற இடமே இல்லை என்றால், என்னைப் போல, அதைத் தேடிப் போக வேண்டும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 31 கடைசி நாள். 2020 ஜனவரி பாதியில் பழைய சம்பளக் கிராணி போன் பண்ணினார். நான் வேலையில் இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் பழக்கம். "ஏம்மா, நம்ம ஆளுங்க பேரெல்லாம் என்னமோ ஆயிருச்சு."

நம் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) பெயர் எப்படி இருக்கும் என்று மலேசியாவில் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயர், ஏ/எல் அல்லது ஏ/பி, அப்பா பெயர். மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம். நடுவே ஒரு சாய்கோடு. சென்னை டீமில் யாரோ பாதுகாப்புச் சோதனை ஓட்டியிருக்கிறார்கள். பெயர்க் கட்டத்தில் சாய்கோடு வருவது ஆபத்து என்று அது சொல்லியிருக்கிறது. தப்பும் இல்லை, ஹேக்கர்கள் அப்படித்தான் நுழைவார்கள். எனவே பெயரில் எழுத்தும் இடைவெளியும் தவிர எல்லாவற்றையும் கழற்றி எறிய ஒரு ஸ்கிரிப்ட். பிளான்ட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள், எல்லோருடைய பெயரிலும் சாய்கோடு போய், நடுவில் அர்த்தமில்லாமல் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றது. பெயரில் அட் (@) குறி உள்ள சீனர்களுக்கும் இதே கதி. மலேசியாவில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் நடுவே அட் குறி போட்டுப் பதிவதுண்டு, ஸ்கிரிப்ட் எழுதியவர் அதை ஈமெயில் என்று நினைத்திருப்பார். வீட்டுக் கடனுக்குப் போன ஒரு லைன் லீடருக்கு, சம்பளச் சீட்டில் உள்ள பெயரும் ஐ.சி. பெயரும் ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் பேப்பரைத் திருப்பிவிட்டார்கள். வருமான வரிக்கு ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் ஈ.ஏ. பாரம் அச்சடிக்க வேண்டிய நேரம் வேறு, அது பிப்ரவரி முடிவதற்குள் ஊழியர் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் 214 பக்கத்தைத் திறந்து தேடினேன். சாய்கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. என் ஐ.சி.யிலேயே அது இருக்கிறது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரிலிருந்து கல்யாணப் பத்திரம் வரைக்கும் கூடவே வந்தது. மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடி தேடுவது போல, கண் முன்னாலேயே இருந்ததால் எழுதத் தோன்றவில்லை. சின்னத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எங்க ஊர்ல இனிஷியல் தானேக்கா, இது ஏதோ குப்பைன்னு நெனச்சுட்டோம்" என்று பதில் வந்தது. இரண்டே நாளில் சரிசெய்துவிட்டான். இதற்கு நான் காசு வாங்கவில்லை. முட்டாள்தனம்தான், ஆனால் கிராணிக்காகச் செய்தேன்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது, தோழி இதையும் கேட்டாள். ஆள்குறைப்பில் போனால் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆனால் அது இன்றைய கணக்கில் மாதம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். நம் துறையில் பாதிப் பேர் அதற்கு மேல், ஆகவே வேலைக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுப் பேசப் போ. கிடைக்கும் இழப்பீட்டில் முழுதாக முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 10,000 வெள்ளி வரை வரி கிடையாது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் தருவார்கள், முதல் மாதம் 80 விழுக்காடு, பிறகு 50, 40, 40, 30, 30. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஓர் உச்சவரம்புக்குள்தான் கணக்கு, என் காலத்தில் நாலாயிரம், இப்போது ஆறாயிரம். வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதே. மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்த பணம் அது, அந்தப் பிடித்தத்துக்கான ப்ரோக்ராமை எழுதியதே நான்தான். 2018 ஜனவரியில் திட்டம் தொடங்கியபோது ஒரு வாரம் தூங்காமல் வேலை பார்த்தேன். இரண்டே வருஷத்தில் நானே போய் கவுன்டரில் நிற்பேன் என்று யார் கண்டார்?

பிப்ரவரி, மார்ச் இரண்டும் அந்தப் பணத்தில் ஓடின. அப்புறம்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அந்த பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாநகர், நகராட்சி எல்லைக்குள் 1,200 வெள்ளி, அதற்கு வெளியே 1,100 என்று இரண்டானது. ஆக, பிளான்ட் எந்த ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது என்று சம்பள சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி 27ஆம் தேதி, ஏப்ரலிலிருந்து தொழிலாளியின் இ.பி.எஃப். (சேமநிதி) பிடித்தம் 11இலிருந்து 7 விழுக்காடாகக் குறையும், வேண்டாதவர்கள் தனிப் பாரம் நிரப்பி 11லேயே இருக்கலாம் என்று அறிவிப்பு. மார்ச் 18 இங்கே கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு. மார்ச் 25 இந்தியா முழுக்க ஊரடங்கு. சென்னை டீமில் பலருக்கு டெஸ்க்டாப், வீட்டுக்குக் கொண்டுபோக லேப்டாப் இல்லை. பிளான்ட்டில் யார் 11, யார் 7 என்று பாரம் காகிதத்தில் வந்துகொண்டிருந்தது. அதை வாங்கவே ஆள் வர முடியாது.

பழைய மேனேஜர் போன் பண்ணினார். இரண்டு மாத ஒப்பந்தம், வர முடியுமா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. அம்மா ஹாலில் இருந்தே, "ரேட்ட ஏத்திக் கேளு, அப்புறம் ரோசப்பட்டுக்கலாம்" என்றார். ஏற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள்.

அந்த இரண்டு மாதம் பத்து மாதமானது. சின்னத் தம்பி வேளச்சேரியில் வாடகை அறையில், நான் பட்டர்வொர்த்தில் சாப்பாட்டு மேசையில். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், எனக்குப் பதினோரு மணி என்றால் அவனுக்கு எட்டரை. அவன் தூக்கக் கலக்கத்திலும் நான் மதியச் சமையல் கவலையிலும் பேசிக்கொள்வோம். அறிக்கைகள் மலாயில் வரும், படித்துச் சொல்வேன். ஏன் அப்படி, யாருக்கு விலக்கு, கிராணி எங்கே தடுமாறுவார் என்றும் சொல்வேன். அவன் கோட் எழுதுவான். என்னைவிட மூன்று மடங்கு வேகம், சுத்தமும்கூட.

உள்ளூர் அறிவு இருந்தால் போதும், யாரும் நம்மை அசைக்க முடியாது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை, பினாங்கில் சனி, ஞாயிறு, தைப்பூசம் இங்கே விடுமுறை ஆனால் எல்லா மாநிலத்திலும் இல்லை, இதெல்லாம் சென்னையில் இருக்கிற பையனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஒரு தெம்பு. டிசம்பரில் அது போனது. 2021 ஜனவரியிலிருந்து பிடித்தம் 7இலிருந்து 9ஆக மாறப்போகிறது. நான் விதிகளை எழுதி அனுப்பினேன். அரை மணியில் அவன் கூப்பிட்டான். "அக்கா, அறுபது வயசு தாண்டினவங்களுக்கு 2019லருந்தே தொழிலாளி பங்கு கட்டாயம் இல்லையே. நீங்க எழுதுனபடி போட்டா நடுவுல அறுபது ஆகுறவருக்கும் ஒம்போது புடிச்சிருமே." அவன் சொன்னது சரி. எங்கே படித்தாய் என்று கேட்டேன். இ.பி.எஃப். இணையதளத்தில், மலாயில், கூகுள் மொழிபெயர்ப்பு வைத்துப் படித்தானாம்.

பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆனது அவனுக்குப் பதினைந்து மாதம். தெரிந்து வைத்திருப்பது எதுவானாலும் ஒருநாள் எழுத்தாகிவிடும், எழுத்தானதை அவன் படித்துவிடுவான். இன்னும் எழுத்தாகாதது மட்டும்தான் அவனுக்கு எட்டாது. அது புதிதாக எங்கே முளைக்கிறதோ அங்கே நான் போய்க்கொண்டே இருக்க வேண்டும். களைப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இடையில் படிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. என்னையும் சேர்த்துப் போன எட்டுப் பேரில் இருவர் உடனே கிளவுட் சான்றிதழ்களாக வாங்கிக் குவித்தார்கள். ஒருவருக்கு அது வேலை வாங்கிக் கொடுத்தது, இன்னொருவருக்கு லிங்க்ட்இனில் அழகாக இருக்கிறது. பத்து மலேசியர்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனிகள் பெரும்பாலும் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் உங்கள் பயிற்சிக்கு. கறிபாப் வருவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள், பிறகு உங்களுக்காக அதைச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது.

இப்போது நான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். ஏழு பேர், கீழே டயர் கடை. சம்பளம் பழையதைவிடக் கம்மியாகத்தான் தொடங்கியது, அந்த இடத்துக்குத் திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. 2024 ஆகஸ்ட்டில் வரி வாரியம், விற்பனை விலைப்பட்டியலை இணையவழி தனக்கு அனுப்பச் சொல்லும் மின் விலைப்பட்டியலைத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் முதலில். 2025 ஜூலையில் ஐந்து மில்லியனுக்கு மேல் உள்ளவர்கள். அதாவது பெரிய இரும்புச் சாமான் கடை, பெயின்ட் மொத்த வியாபாரி, கோழித் தீனி தவுக்கே (கடை முதலாளி). வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு இணைப்பதற்கான தொழில்நுட்ப விவரம் எல்லாம் இணையத்தில் தெளிவாக இருக்கிறது, உலகத்தில் எங்கிருந்தும் எழுதலாம். எழுதுவது கஷ்டமே இல்லை. தவுக்கே என்ன செய்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவருக்கே சரியாகத் தெரியாது. கேட்டால் ஹொக்கியனில் பாதி, மலாயில் பாதி சொல்வார், சொன்னதற்கும் செய்வதற்கும் சம்பந்தம் இருக்காது. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தால்தான் தெரியும். ஆகவே உட்காருகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் கிராணி பக்கத்தில் உட்கார்ந்தேனே, அதே மாதிரி.

இணைப்புக் கோட் யார் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். சின்னத் தம்பி. அவன் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு இப்போது இரண்டு நண்பர்களோடு தனியாகச் செய்கிறான். நான்தான் முதலாளியிடம் சொல்லி வேலையை அவனுக்கு அனுப்பினேன். ஆமாம், நானே. தாப்பாவ் கட்டி.

இதில் எனக்கு நிம்மதி இல்லை. அவனுக்கு அனுப்புகிற வேலை, 2006இல் என்னை வேலைக்கு எடுத்தபோது முதல் வருஷம் நான் செய்த வேலை. அதைச் செய்துதான் மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது செபராங் பிறையில் பாலிடெக்னிக் முடித்து வரும் பிள்ளைகளுக்கு அந்த முதல் படியை நான் எடுத்துவிட்டேன். என் வயதுக்காரர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் "எழுத்தாகாத இடத்தில் போய் உட்கார்" என்று சொன்னால் அது எங்கே போய் உட்காரும்? முதலாளியிடம் சண்டை போட்டு ஒரு பயிற்சி மாணவியை எடுத்தேன். பாகான் டாலாம் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் படித்தது, பள்ளி விடுமுறையில் எல்லாம் சீனர் மளிகைக் கடையில் வேலை செய்து ஹொக்கியன் என்னைவிட நன்றாகப் பேசும். வழக்கமாகப் பயிற்சி மாணவர்களுக்குச் சோதனை ஓட்டும் வேலை கொடுத்து மூலையில் உட்கார வைப்பார்கள். நான் முதல் வாரமே இரும்புச் சாமான் கடைக்கு அனுப்பிவிட்டேன். கோட் அப்புறம். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. பிள்ளையின் அப்பா ஒரு நாள் போன் பண்ணி, "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைய ஆணி எண்ண அனுப்புறீங்களாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லத் திணறினேன்.

போன வியாழன் கடையிலிருந்து அவள் கூப்பிட்டாள். பின்னால் இரும்பு வெட்டும் சத்தம்.

"அக்கா, தவுக்கே கடனுக்குக் குடுக்கிறத சிஸ்டத்துல போடவே இல்ல. எல்லாம் 555 புக்குல இருக்கு. கான்ட்ராக்டர் தெனம் வந்து சிமெண்டு, கம்பின்னு எடுத்துட்டுப் போறாரு, மாசக் கடைசியில மொத்தமா 14,000 கட்டுறாரு. இது ஒரு விற்பனையா, இருபது விற்பனையா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களுடைய விற்பனையை மாத முடிவில் தொகுத்து, அடுத்த ஏழு நாளுக்குள் ஒரே விலைப்பட்டியலாக அனுப்பலாம். ஆனால் 2026 ஜனவரியிலிருந்து 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட ஒரு விற்பனையை அந்தத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. ஒன்றா இருபதா என்பதில் எல்லாமே மாறும். அந்தக் கடையில் நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், அந்தச் சிவப்புப் புத்தகம் கல்லா மேல் கிடந்ததையும் பார்த்தேன். கேட்கத் தோன்றவில்லை. எல்லாக் கடையிலும் கிடப்பதுதானே.

"எத்தனை பேர் கணக்கு அதுல இருக்கு?" என்றேன்.

"ஒரு புக்குல இல்லக்கா. ஆளுக்கு ஒண்ணு. பிஸ்கட் டின் நெறைய வச்சிருக்காரு."

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெயின்ட் டின் மேல் டின்னை வைத்து, புத்தகங்களை விரித்து, வரிசையாகப் படம் எடுத்து அனுப்பினாள். அப்படியே சின்னத் தம்பிக்குத் தள்ளிவிட்டேன். அவனுக்குக் காலை எட்டரை இருக்கும். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு வரி வந்தது.

"அக்கா, 555ன்னா என்ன?"